எதிர்காற்றில் முன்னால்

பருத்தி மில் ஊர், பள்ளிக்கூடம்
மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன், உட்காரத்தான் முடியவில்லை. அதனால் வகுப்பறை ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். என் கையெழுத்து கோணினால் சைக்கிள் சீட்டைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

கிளம்பிய அன்று தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பால் வண்டியில் மோதாமல் தப்பியது என் நல்ல நேரம். உங்கள் அக்கா கையை ஆட்டினார். கீழே மளிகைக் கடைக்காரர்கூடக் கடையை விட்டு வெளியே வந்து ஆட்டினார். மாடி ஜன்னலின் திரை மட்டும் ஆடவில்லை.

"என் இடம் காலியாப் போகக் கூடாது. நீ போ" என்று நீங்கள் சொன்னபோது, எனக்குச் சைக்கிள் பயணத்தில் ஆசை இருந்ததா என்று யோசிக்கவே தோன்றவில்லை. பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகு நீங்கள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அந்த வாக்கியத்துக்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? இந்த எல்லையிலிருந்து மறுகோடிக் கடல் வரை நாட்டையே குறுக்கே கடக்கும் பாதையை எத்தனை வருடமாக வரைந்தீர்கள்! சைக்கிள் கிளப்பில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் உங்கள் வலது கையும் காலும் படுத்துக்கொண்டன.

கிளப்பில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். "அண்ணி, தண்ணி வேணுமா? அண்ணி, நிக்கலாமா?" என்று ஒரே உபசாரம். வரிசையில் என்னைக் கடைசிக்கு முன்னால் விட்டிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் கேப்டன். நான் விழுந்தால் பொறுக்கி எடுக்க ஆள் வேண்டுமாம். ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் ஆயிற்றே, விழுகிறவர்களைப் பார்த்தே பழகியவர்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். உங்கள் அக்காவிடம் எரிந்து விழ வேண்டாம். அவர் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊர்த் தபால் ஆபீசுக்கும் 'போஸ்ட் மாஸ்டர் மேற்பார்வை' என்று போட்டு எழுதுங்கள், நான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எந்த ஊரில் என்றைக்கு இருப்போம் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் இடத்தில் உட்கார முடியாமல் நிற்கும்
உங்கள் மனைவி

*

வீடு
மார்ச் 9

அன்புள்ளவளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். நில அளவை அலுவலகத்தில் என் கோட்டைப் பார்த்து அச்சா, கையா என்று கேட்பார்கள். இந்த எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியதா என்று கேட்பார்கள். பொறுத்துக்கொள்.

ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்தில் மிதிக்காதே. முட்டி போய்விடும். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்கு. வந்த பிறகு இறக்கினால் செயின் கழன்று மானத்தை வாங்கும். பெரிய பாலத்து ஊர் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போங்கள் என்று கேப்டனிடம் சொல். அவனுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது, பார்ப்பது போல் நடிக்கத்தான் தெரியும்.

அந்த ஊர்த் தபால் ஆபீஸ் தெருவில் ஓர் ஆலமரத்தை நான் வரைபடத்தில் பச்சையில் குறித்திருக்கிறேன். இருக்கிறதா? எழுது.

என்னைப் பற்றி யாராவது ஐயோ பாவம் என்று பேசினால், பேச்சை மாற்று.

அக்கா உப்பில்லாமல் சமைக்கிறாள். டாக்டர் சொன்னதாகச் சொல்கிறாள். எனக்கென்னவோ சின்ன வயதுப் பழிவாங்கல் மாதிரிதான் தெரிகிறது.

உன்,
நான்

*

பெரிய பாலத்து ஊர்
மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கோழிக் கிளறலை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கேப்டனிடம் 'நடிக்கத்தான் தெரியும்' என்ற வரியைத் தவிர மற்றதைப் படித்துக் காட்டினேன். ஆலமரம் இல்லை. வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் டயர்க் கடை இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். உங்கள் சைக்கிளின் சீட்டை நம் கிளப் மெக்கானிக் இறக்கிவிட்டார். "அண்ணன் உயரத்துக்கு நீங்க ஓட்டினா இடுப்பு ரெண்டாயிடும்"னு சொல்லி, ஹேண்டில்பாரையும் திருப்பிவிட்டார். அதன் பிறகுதான் வலி குறைந்தது. இத்தனை நாள் நான் வண்டியை ஓட்டவில்லை, வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

இந்தச் சமவெளியில் நாள் முழுக்க எதிர்காற்று. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பவர்கள் அவர் முதுகு மறைவில் போக வேண்டும். களைத்ததும் அவர் விலக, அடுத்தவர் முன்னால் வர வேண்டும். நீங்கள் சாப்பாட்டு மேசையில் ஸ்பூன்களை அடுக்கி எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். எல்லோரும் மாறி மாறிப் போனார்கள். என் முறை வந்ததும் கேப்டன், "அண்ணி, நீங்க வேண்டாம், பின்னாடியே இருங்க" என்றார். எனக்கு என்ன வந்ததோ, மிதித்து முன்னால் போய்விட்டேன்.

மூச்சு முட்டியது. கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் விலகவில்லை. கடைசியில் கூட ஓட்டி வரும் நர்ஸம்மாதான் கூப்பிட்டார்: "போதும் வாங்க, எங்களுக்கும் கொஞ்சம் காத்து மிச்சம் வைங்க!"

முன்னால் போகிறவருக்குத்தான் காற்று என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்கள். முன்னால் போகிறவருக்குத்தான் சாலையும் தெரிகிறது. அதை மட்டும் நீங்கள் சொன்னதே இல்லை. இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் ஓட்டும் மருந்துக் கடைக்காரரின் முதுகு.

உடற்பயிற்சிக்கு ஆள் வருகிறாரா? படி இறங்கிப் பார்த்தீர்களா? என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

வீடு
மார்ச் 25

அன்புள்ளவளுக்கு,

சீட்டை எவ்வளவு இறக்கினான் என்று அளந்து எழுது. திரும்பி வந்ததும் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

காற்றில் முன்னால் போனது சரி. அளவோடு போ. வீரம் காட்டுகிற இடம் சமவெளி அல்ல.

கணவாய்தான் இடம். கவனமாகப் படி. மலையடிவார ஊரிலிருந்து கணவாய்ச் சாலை ஏறும். உச்சியில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நின்றால் பின்னால் வந்த சமவெளி முழுவதும், முன்னால் போகப் போகிற பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே இடத்திலிருந்து தெரியும். உயரக் கோடுகளை வைத்து நானே கணக்கிட்டுக் கண்டுபிடித்தது, போய்ப் பார்த்ததில்லை. அந்த வளைவுக்காகத்தான் இந்தப் பாதையே. அதை விட்டால் இது பயணமே இல்லை, வெறும் பெடல் மிதிப்பு. அங்கே நில். பார். எனக்கு எழுது.

ஆள் வருகிறார், கையை முறுக்குகிறார், போகிறார். படி இறங்கவில்லை. இறங்கி என்ன செய்ய? கடைக்காரன் "என்ன சார் வேணும்?" என்பான். நான் ஏதோ சொல்வேன். அவன் "ஆங்?" என்பான். எனக்கு அந்த 'ஆங்' வேண்டாம்.

உன்,
நான்

*

மலையடிவார ஊர், பள்ளிக்கூடம்
ஏப்ரல் 4

அன்புள்ள உங்களுக்கு,

இதை எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். ஆகையால் நேராகவே எழுதிவிடுகிறேன். கணவாய் வழியாக நாங்கள் போகவில்லை.

மூன்று நாளாக விடாத மழை. அடிவாரத்துக்கு வருவதற்கு முந்தின சரிவிலேயே மருந்துக் கடைக்காரர் வழுக்கி விழுந்தார். எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பிடித்தது, ஈரத்தில் வண்டி நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. நர்ஸம்மா தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். ஒரு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வலியில்கூட அந்த மனிதர், "அண்ணன் கிட்ட நான் கவனக்குறைவா ஓட்டினேன்னு சொல்லிடாதீங்க" என்றார். உங்களுக்கு இவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேலே கணவாயில் மண் சரிந்து, ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் வழி இருப்பதாக லாரிக்காரர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்து பேசினோம்.

கேப்டன் எழுந்து சொன்னார்: "மெதுவா உருட்டிக்கிட்டே ஏறிடலாம். அண்ணன் போட்ட பாதை. அவர் படுத்திருக்கும்போது நாம மாத்தினா நல்லா இருக்காது."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் உங்கள் வாயால் பேசுவேன் என்று.

"இன்னொருத்தர் விழுந்தா யார் தூக்குறது?" என்றேன்.

"அண்ணன் என்ன சொல்வாரு, அண்ணி?"

"அவர் இங்க இல்ல. நான்தான் இருக்கேன். பள்ளத்தாக்கு வழியா சுத்திப் போகலாம். அவர் கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கேப்டன் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் இணைப்புக் கொடுக்கிற குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தக் குரலை நீங்கள் வீட்டில் கேட்டதில்லை.

ஆகையால் இது கேப்டன் முடிவு இல்லை. அவருக்குக் கோபமாக எழுத வேண்டாம். நான்தான் மாற்றினேன். உங்கள் வளைவைப் பார்க்காமல் போகிறோமே என்று மழையில் மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேகம்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

வீடு
ஏப்ரல் 8

நீங்கள் எல்லோரும் ரயிலிலேயே போயிருக்கலாம்.

நான் உன்னை அனுப்பியது என் இடத்தில் உட்கார. என் இடத்தை எடுத்துக்கொள்ள அல்ல.

*

அணைக்கட்டு ஊர்
ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் இரண்டு வரிக்குப் பிறகு இரண்டு தபால் ஆபீசில் கேட்டுவிட்டேன். "உங்க பேர்ல ஒண்ணும் இல்லம்மா." இரண்டாவது ஊரில் போஸ்ட் மாஸ்டர் எனக்காக இன்னொரு முறை கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்த மனிதர் பார்த்த பார்வையில்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயம். இந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், நானும் ஆபரேட்டர் என்று சொல்லி, நம் ஊர் எக்ஸ்சேஞ்ச் போர்டில் இருக்கும் என் தோழியைப் பிடித்தேன். அவள் மளிகைக் கடைக்கு இணைப்புக் கொடுத்தாள். கடைக்காரர், "சார் நல்லா இருக்காரும்மா. ஜன்னல்லதான் உட்கார்ந்திருக்காரு" என்றார். ஜன்னலுக்கு வருகிறீர்கள். சந்தோஷம். எழுதத்தான் மனம் வரவில்லை. அதையும் புரிந்துகொண்டேன்.

இனி நான் எழுதுகிறேன். போர்டில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் கோத்துவிடுகிறவள் நான். என் பேச்சை நீங்கள் ஒருமுறை கேளுங்கள்.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் முன்னால் ஓட்டுவீர்கள், நான் காய்கறி வாங்கப் போகும் என் சைக்கிளில் பின்னால் வருவேன். திருப்பத்தில் நின்று காத்திருப்பீர்கள். நான் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவீர்கள். நீங்கள் இளைப்பாறியாயிற்று, எனக்கு அப்போதுதான் மூச்சு வாங்கும். உங்களுக்கு அது தெரியவே தெரியாது. காத்திருந்தேனே என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் கெட்டவர் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் பதவி எனக்கு இருமுறை வந்தது. வேறு ஊர். "கிளப்பை விட்டுட்டு எங்க வர்றது?" என்றீர்கள். விட்டுவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்றாம் முறை வந்தது. ஊர் எது தெரியுமா? நாங்கள் போய்ச் சேரப்போகிற கடற்கரை ஊர். பயணம் முடிந்து பதில் சொல்கிறேன் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லவில்லை. உங்களுக்கு அப்போது பேச்சில்லை, எனக்கும்தான்.

பக்கவாதம் வந்தவரை விட்டுவிட்டுப் போக எந்தப் பெண்ணுக்கு மனம் வரும் என்று ஊர் கேட்கும். உங்கள் அக்கா கேட்பார். நானே தினமும் கேட்டுக்கொண்டுதான் மிதிக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

மருந்துக் கடைக்காரர் தேறிவருகிறார். பள்ளத்தாக்கு அழகாக இருந்தது. கணவாய் அளவுக்கு இருக்காது. ஆனாலும் அழகாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

வீடு
ஏப்ரல் 29

அன்புள்ளவளுக்கு,

இந்தக் கடிதத்தை நானே தபால் பெட்டியில் போடப் போகிறேன். அக்காவுடன் நேற்று ஒத்திகை பார்த்தாயிற்று. ஆகவே நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன், குழந்தை மாதிரி. "சிரிக்காதே அக்கா" என்றேன். "நான் எங்கடா சிரிச்சேன்?" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். கடை வரை கைத்தடி. கடைக்காரனிடம் தபால் தலை கேட்டேன். "ஆங்?" என்றான். மறுபடி சொன்னேன். "ஆங்?" மூன்றாம் தடவை, "ஓ, ஸ்டாம்பா சார்? ஸ்டாம்பு நான் விக்கிறதில்லையே!" என்றான். நான் சிரித்தேன். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

உன் கடிதம் வந்த நாள் அதை மேசைக்குள் போட்டேன். மறுநாள் எடுத்தேன். திருப்பத்தில் காத்திருந்ததைப் பற்றி நீ எழுதியதை யோசித்தேன். நான் உனக்காகக் காத்திருந்தேன் என்று உண்மையிலேயே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுவரில் மாட்டியிருக்கிற வரைபடத்தை அக்காவிடம் இறக்கித் தரச் சொன்னேன். நீங்கள் சுற்றிப் போன பள்ளத்தாக்குச் சாலையை இடது கையால் வரைந்தேன். நடுங்கிக்கொண்டு கோணலாகப் போகிறது. ஆபீசில் யாராவது இப்படி வரைந்திருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். வரைந்தாயிற்று. கணவாய்க் கோட்டையும் அழிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

மாற்றலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. போகாதே என்று சொல்ல நாக்கு வரை வருகிறது. நாக்குதான் இப்போது சொன்னபடி கேட்பதில்லையே, அதுவும் நல்லதுக்குத்தான்.

இது உன் கைக்கு வரும் சமயத்தில் கடலுக்கு இறங்கப் போகிறீர்கள். எனக்காக எதையும் பார்க்காதே. உனக்காகப் பார். அதை எழுது.

உன்,
நான்

*

கடற்கரை ஊர்
மே 4

அன்புள்ள உங்களுக்கு,

முடிந்தது.

கடைசி மேட்டில் கேப்டன் எல்லோரையும் நிறுத்தி, "அண்ணி முன்னாடி போங்க" என்றார். காற்று எதிராகத்தான் இருந்தது. முதலில் உப்பு வாசம், பிறகு மீன் வாசம், அதற்கும் பிறகுதான் கடல். நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது. கரையெல்லாம் கட்டுமரக் கயிறும் உடைந்த பெட்டியும். எங்களை வரவேற்க யாரும் இல்லை. இரண்டு நாய்கள் குரைத்தன. அவ்வளவுதானா என்று ஒரு கணம் இருந்தது.

பிறகு மெக்கானிக் வண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். அவரைப் பார்த்து நர்ஸம்மா. கேப்டன் தண்ணீருக்குள் இறங்கி நின்று உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினார். தோளில் கட்டோடு பஸ்சில் வந்து சேர்ந்த மருந்துக் கடைக்காரரும் கத்தினார். நான் கத்தவில்லை. அவர்களை விட்டு விலகிப்போய் ஒரு சுவரில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

எனக்காகப் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். உண்மையைத்தானே கேட்டீர்கள்? அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் உங்களை நான் நினைக்கவே இல்லை. மாத்திரை போட்டாரா, அக்காவிடம் கத்தினாரா, ஒன்றும் இல்லை. காலில் மணல், வாயில் ரொட்டி, அலை. பிறகு ஞாபகம் வந்தது. வழக்கமாக உங்கள் ஞாபகம் வரும்போது எதையோ அடுப்பில் வைத்து மறந்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம் வரும். அது வரவில்லை. நீங்கள் மட்டும் வந்தீர்கள். இவர் இந்தச் சுவரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று இருந்தது. அப்படி ஆசைப்பட்டு எத்தனை வருடமாயிற்று!

மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். பெரிய கூடம், பத்துப் பெண்கள், ஒரே இரைச்சல். ஒருத்தி இரண்டு இணைப்பை மாற்றிச் செருகிவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். என்னை யாரென்று தெரியாமலே நகர்ந்து இடம் விட்டாள். சரிசெய்து கொடுத்தேன். அன்று மாலையே சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மற்றவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். உங்கள் சைக்கிளை அவர்களோடு அனுப்பவில்லை. இனி அது என் உயரத்துக்குத்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு தருகிறார்கள். இரண்டு அறை. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு கல், அவ்வளவுதான் படி.

நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை. நீங்கள் இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இல்லை. கூட இருக்க வேண்டும் என்பதற்காக. கிளப்பும் தெருவும் உங்கள் ஜன்னலும் அங்கேதான் இருக்கும், தெரியும். அந்த இழப்பு எவ்வளவு என்று இருமுறை விட்டுக்கொடுத்தவளுக்குத் தெரியாதா? அதனால் கெஞ்ச மாட்டேன். வரவில்லை என்றால் விடுமுறைக்கு விடுமுறை நான் வருவேன், விருந்தாளியாக.

திருப்பத்தில் நின்று காத்திருக்கிறேன். நீங்கள் வந்து சேர்ந்த பிறகு, உங்களுக்கு மூச்சு வாங்கி அடங்கும்வரை நிற்பேன்.

இப்படிக்கு,
நான்

*

வீடு
மே 12

அன்புள்ளவளுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். அக்காவும் படித்தாள். ஒரு நாள் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலையிலிருந்து என் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சில விவரம் தேவை. வாசல் கல்லின் உயரம் ஒரு சாணா, அதற்கு மேலா? அளந்து எழுது, உத்தேசமாக எழுதாதே. ஸ்டேஷனிலிருந்து வீடு மேடா, சமதளமா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? இருந்தால் இடது கைப் பக்கமா?

வருகிறேன் என்று எழுதவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பதிலை உடனே போடு.

உன்,
நான்